அடுத்தவர் பக்கத்தின் ஓரம்

1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அதில் ஒரு வசதியைச் சேர்த்திருந்தார்கள். எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும் படிப்பவர் அதற்கு ஒரு குறிப்பு எழுதலாம். அவருடைய குழுவைச் சேர்ந்த இன்னொருவர் அதே பக்கத்துக்கு வரும்போது அந்தக் குறிப்பு அவர் கண்ணில் படும். பக்கத்தை எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதை எழுதி முடித்தார்கள், அது வேலையும் செய்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உலகத்தார் எழுதப்போகும் குறிப்புகளையெல்லாம் வைத்திருக்க ஒரு சர்வர் வேண்டும், கூட்டம் பெருகினாலும் தாங்கக்கூடிய சர்வர்; அதை எழுத அவர்களுக்கு நேரமில்லை. அவ்வளவுதான். பாடல் வரிகளுக்கு விளக்கம் எழுதும் ராப் ஜீனியஸ் தளத்தில் தன் நிறுவனம் 1.5 கோடி டாலர் முதலீடு செய்த 2012இல் ஆண்ட்ரீசனே இந்தக் கதையைச் சொன்னார். பத்தொன்பது வருடம் கழித்தும் அந்த ஆசை விடவில்லை போலிருக்கிறது.

அவர் சொன்ன காரணத்தில் எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது. தள உரிமையாளரால் தடுக்க முடியாத கருத்துரைக் கருவி என்று ஒன்றை யார் கொண்டுவந்தாலும், உரிமையாளரின் கட்டுப்பாட்டிலிருந்து பேச்சை விடுவிப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் குறிப்புகள் எங்கோ ஓர் இயந்திரத்தில் இருந்தாக வேண்டும். அந்த இயந்திரத்துக்கு மின்கட்டணம் கட்டுகிறவர் ஒருவர் உண்டு. எதை மேலே காட்டுவது, எதை நீக்குவது, எப்போது கடையை மூடுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். பக்கத்தின் சொந்தக்காரர் போய்விட்டால் ஓரத்தின் சொந்தக்காரர் வருகிறார். யார் எவரைவிட மேல் என்பது ஒவ்வொரு முறையும் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

கட்டுரைக்குக் கீழே இருக்கும் கமெண்ட் பெட்டி உரிமையாளர் காட்டும் தயவு. அது எவ்வளவு தூரம் தயவு என்பது மூடப்பட்டபோதுதான் பலருக்குப் புரிந்தது. பாப்புலர் சயின்ஸ் இதழ் 2013இல் தன் கமெண்ட் பகுதியை மூடியது. 2014இல் ராய்ட்டர்ஸ் தன் செய்திகளுக்குக் கீழே, 2016இல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர். தமிழ் வலைப்பதிவுகள் செழித்த காலத்தில் அனானிகளோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அவர்கள் ஏன் மூடினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செய்தி நிறுவனம் தன் செய்தியைப் பற்றி என்ன பேசலாம் என்பதைத் தன் வீட்டுக்குள் தீர்மானிக்கும்போது, வீட்டுக்கு வெளியே பேச ஓர் இடம் தேடி ஆட்கள் கிளம்புவது இயற்கை. அந்த இடம் பக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

அந்தச் சண்டை முதன்முதலில் பெரிதாக வெடித்தது 1999இல். சிங்கப்பூரிலிருந்து போன பொறியாளர்கள் கலிஃபோர்னியாவில் தொடங்கிய தேர்ட் வாய்ஸ் நிறுவனம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியோடு சேர்த்துப் பொருத்திக்கொள்ளும் ஒரு சிறு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. அதை நிறுவிக்கொண்டவர் எந்தத் தளத்திலும் ஒரு சொல்லையோ வரியையோ தேர்ந்தெடுத்துக் குறிப்பு எழுதலாம். அதே மென்பொருள் வைத்திருக்கும் இன்னொருவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், வரிகளுக்கு நடுவே சிறு அடையாளம் தெரியும். அழுத்தினால் குறிப்பு விரியும். தளத்தின் சர்வரில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. குறிப்புகள் இருப்பது தேர்ட் வாய்ஸின் சர்வரில். இரண்டும் சேர்வது படிப்பவரின் திரையில்.

தளம் நடத்துகிறவர்கள் கொதித்துப்போனார்கள். என் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறாயே, நான் கிழிக்கவும் முடியாதபடி ஒட்டுகிறாயே என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பு இயக்கம் ஒன்றே தொடங்கியது. இதைக் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரான முதலாளிகளின் கூச்சல் என்று சிலர் அன்றைக்கு ஒதுக்கினார்கள். ஆனால் அதில் கத்தியவர்கள் பெரும்பாலும் தனியாளாகத் தளம் நடத்திய சாதாரண ஆட்கள். தாங்களே கையால் எச்டிஎம்எல் எழுதி, தங்கள் ஊரைப் பற்றியோ பொழுதுபோக்கைப் பற்றியோ பக்கம் வைத்திருந்தவர்கள். பெரிய நிறுவனத்துக்கு யார் எங்கே கிறுக்கினாலும் வலிக்காது. குழந்தைகளுக்காக ஒரு பக்கம் வைத்திருப்பவருக்கு, அதன்மேல் யாரோ ஆபாசம் எழுதி வைத்திருக்கக்கூடும், அதைப் பார்ப்பதற்கே தான் அந்த மென்பொருளை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது தாங்க முடியாததாக இருந்திருக்கும்.

போதாததற்கு ஒரு பாதுகாப்பு ஓட்டையும் வெளிப்பட்டது. குறிப்புக்குள் வெறும் சொற்களுக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதிவைத்தால் அதைப் படிப்பவரின் உலாவியில் அது ஓடும் என்று காட்டினார்கள். நிறுவனம் சரிசெய்தது. ஆனாலும் அடுத்தவர் பக்கத்தில் அந்நியர் எழுத இடம் கொடுத்தால் அந்த வழியாக வேறென்ன நுழையும் என்ற பயம் போகவில்லை.

2001 ஏப்ரலில் தேர்ட் வாய்ஸ் மூடப்பட்டது. எதிர்ப்பு கொன்றதா என்றால் இல்லை. விளம்பர வருமானம் வற்றிய டாட்காம் சரிவுதான் கொன்றது. அந்தக் காலத்துத் தளங்கள் பலவற்றின் பிரதியை இன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவில் பார்க்கலாம். அவற்றின் மேல் எழுதப்பட்ட குறிப்புகள் அந்தப் பிரதிகளில் கிடையாது. அவை வேறோர் ஆளின் இயந்திரத்தில் இருந்தவை. அந்த ஆள் போனபோது அவையும் போயின.

சுவர் வாதத்துக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு கோளாறு உண்டு. வலைப்பக்கம் என்பது ஓரிடத்தில் நிற்பதல்ல. நான் கேட்கும்போது அதன் ஒரு பிரதி என் கணினிக்கு வருகிறது. அதை நான் பெரிய எழுத்தில் படிக்கலாம், படங்களை நிறுத்திவைக்கலாம், விளம்பரங்களை மறைக்கலாம். ஜெர்மனியில் ஆக்சல் ஷ்பிரிங்கர் என்ற பெரும் பத்திரிகைக் குழுமம், ஆட்பிளாக் பிளஸ் தயாரிக்கும் நிறுவனத்தின்மீது போட்ட வழக்கு பல வருடம் இழுத்தது. விளம்பரத்தை மறைப்பது முறையற்ற போட்டி ஆகாது என்று 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமையைத் தொடுமா என்ற கேள்வியை அதே நீதிமன்றம் 2025இல் மறுபடி கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. என் திரையில் வந்துசேர்ந்த பக்கம் யாருடையது என்பதற்குச் சட்டத்திடமே இன்னும் முடிந்த பதில் இல்லை.

என் திரை என்னுடையது என்று உரக்கச் சொல்லலாம்தான். ஆனால் தேர்ட் வாய்ஸ் மூடிய அதே வருடம் மைக்ரோசாஃப்ட் என்ன செய்யப் பார்த்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியின் உலாவியில் ஸ்மார்ட் டேக்ஸ் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். நீங்கள் எந்தத் தளத்தைப் படித்தாலும் சில சொற்களின் கீழே கோடு தோன்றும். தொட்டால் மைக்ரோசாஃப்ட் தேர்ந்தெடுத்த இடங்களுக்குப் போகும். வால்ட்டர் மாஸ்பெர்க் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இதைக் கண்டித்து எழுதினார், எதிர்ப்பு வலுத்தது, 2001 ஜூன் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. அங்கேயும் திரை படிப்பவருடையதுதான், பக்கத்தின் சர்வரை யாரும் தொடவில்லைதான். கை மட்டும் யாருடையது என்று பார்த்தால் போதும்.

ஓரக்குறிப்பால் அரசனே அலறிய கதை ஒன்று இணையத்துக்கு நானூறு வருடம் முன்பே நடந்திருக்கிறது. மேரி அரசியின் காலத்தில் இங்கிலாந்திலிருந்து தப்பி ஓடிய புரோட்டஸ்டன்டுகள் ஜெனீவாவில் உட்கார்ந்து 1560இல் ஓர் ஆங்கில பைபிளை அச்சிட்டார்கள். கைக்கு அடக்கமான புத்தகம், வசனங்களுக்கு எண் போட்டது, ஓரம் முழுக்கக் குறிப்புகள். வீட்டில் தனியாகப் படிப்பவனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போன்ற அமைப்பு. ஆங்கிலேயர் வீடுகளில் இரண்டு தலைமுறை அதுதான் ஓடியது.

அந்தக் குறிப்புகளில் சில ஆபத்தானவை. ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி பாரவோன் எபிரேய மருத்துவச்சிகளுக்கு ஆணையிடுகிறான். அவர்கள் கொல்லாமல் விட்டுவிட்டு ஏதோ சாக்குச் சொல்கிறார்கள். யாத்திராகமத்தின் அந்த இடத்தில் ஓரக்குறிப்பு, அவர்கள் கீழ்ப்படியாதது முறைதான் என்கிறது. பொய் சொன்னதைத்தான் தவறு என்கிறது. அரசன் சொல்லை மீறலாம் என்று வேதத்தின் விளிம்பில் அச்சாகியிருக்கிறது. நாளாகமத்தில் ஆசா என்ற அரசன், விக்கிரகம் வைத்த தன் தாயை ராணிப் பட்டத்திலிருந்து இறக்குகிறான். அவளைக் கொன்றிருக்க வேண்டும், மூட இரக்கத்தால் விட்டுவிட்டான் என்று குறிப்பு குறைப்படுகிறது. இதைப் படித்தவர் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ். அவருடைய தாய் ஸ்காட்லாந்தின் மேரி, 1587இல் தலை வெட்டப்பட்டவர்.

1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய சபையில் ஜேம்ஸ் இந்த இரண்டு இடங்களையும் எடுத்துக்காட்டி, இப்படிப்பட்ட குறிப்புகள் ராஜத் துரோகம் என்ற பொருளில் பேசினார். அங்கிருந்துதான் புதிய மொழிபெயர்ப்பு கிளம்பியது. மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுத்த விதிகளில் ஒன்று, எபிரேய, கிரேக்கச் சொற்களை விளக்கத் தேவைப்பட்டாலொழிய ஓரத்தில் எதுவும் எழுதக் கூடாது என்பது. 1611இல் வெளிவந்த பைபிள் அந்த விதிப்படி வந்தது. குறிப்பைத் தடுக்க முடியாத ஓர் அரசன் மூலத்தையே மறுபடி எழுதவைத்தான் என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. ஜெனீவா பைபிளை இங்கிலாந்தில் அச்சடிப்பதும் சில வருடங்களில் நின்றது. வாசகர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தருவித்துக்கொண்டார்கள். 1642இல் ஆம்ஸ்டர்டாமிலேயே இன்னொன்றும் அச்சானது: ஜேம்ஸின் மூலம், ஓரத்தில் ஜெனீவாவின் குறிப்புகள்.

இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அத்தனை அறிஞர்களை உட்காரவைத்து, ஓரத்தைக் காலியாக வாங்கினார். யாரோ ஒரு அச்சகத்தார் காலி ஓரத்தை நிரப்பிவிட்டார்.

இந்தக் கதையில் என் அனுதாபம் முழுக்க ஓரத்தின் பக்கம். பக்கம் அரசனுடையது, அதிகாரம் உள்ளது, எல்லோரையும் கட்டுப்படுத்துவது. அதன் விளிம்பில் நின்று ஒருவன் இல்லை என்று சொல்வதற்கு அரசனின் அனுமதி எதற்கு? ஆனால் இதே வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எல்லாப் பக்கங்களின் மேலும் வைக்க முடியுமா என்பதில்தான் நான் தடுமாறுகிறேன்.

இணையத்துக்குத் திரும்பினால், தேர்ட் வாய்ஸுக்குப் பிறகு கூகுளும் ஒரு கை பார்த்தது. 2009 செப்டம்பரில் வந்த சைட்விக்கி, பக்கத்துக்கு இடதுபுறம் ஒரு பட்டையைத் திறந்து அதில் யார் வேண்டுமானாலும் எழுதவிட்டது. வேண்டாம் என்று விலக உரிமையாளருக்கு வழியில்லை. தன் தளம்தான் என்று கூகுளிடம் நிரூபித்தால் முதல் குறிப்பு எழுதும் சலுகை மட்டும் உண்டு. தன் பக்கத்தின் விளிம்பில் முதலிடம் பெறுவதற்குக் கூகுளிடம் மனுப்போட வேண்டியிருந்தது என்று இதைப் படித்தால் சரியாக இருக்கும். 2011இல் மூடிவிட்டார்கள். பெரிதாக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. திறந்து பார்த்தால் பெரும்பாலான பக்கங்களில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் யாரோ தன் கடைக்கு விளம்பரம் போட்டிருப்பார். எல்லா இடத்திலும் எழுதலாம் என்ற கருவி எந்த இடத்திலும் ஆள் சேர்க்க முடியாமல் போவது இந்தக் கதையில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஜீனியஸின் கதை வேறு. ராப் என்ற சொல்லை 2014இல் பெயரிலிருந்து உதறிய அந்த நிறுவனம், பாட்டைத் தாண்டி உலகத்தின் எல்லா எழுத்துக்கும் விளக்கக் குறிப்பு எழுதக் கிளம்பியது. எந்த முகவரிக்கு முன்னாலும் ஜீனியஸின் முகவரியை ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் ஜீனியஸ் வழியாகத் திறக்கும், வரிகளின்மேல் குறிப்போடு. நியூஸ் ஜீனியஸ் என்று தனியாக ஒரு பிரிவு வைத்து, ஆசிரியர்களை வேலைக்கு அமர்த்தி, செய்திகளையும் கட்டுரைகளையும் வரிவரியாக அலசினார்கள். அரசியல்வாதியின் உரையை, பெரிய பத்திரிகையின் தலையங்கத்தை அப்படி அலசினால் நானும் கைதட்டியிருப்பேன்.

2016 மார்ச்சில் அலசலுக்கு உள்ளானது ஒரு இளம்பெண்ணின் சொந்த வலைப்பதிவு. பாலியல் வழியாகப் பரவும் ஒரு சாதாரண நோய் தனக்கு இருப்பதை வெளிப்படையாக எழுதி, அதைச் சுற்றியுள்ள அவமானத்தைப் போக்கப் பார்த்தவர் அவர். அதனாலேயே ஏற்கெனவே நிறைய வசைகளை வாங்கியவர். தன் தளத்தில் கமெண்ட்டுகளைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். இப்போது தன் வரிகளின் மேலேயே பிறர் எழுதுகிறார்கள், தனக்கு அறிவிப்பு வருவதில்லை, தடுக்க வழியில்லை, புகார் சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை என்பதைக் கண்டு, இது எழுதுகிறவர்களை வாயடைக்கும் கருவி என்று எழுதினார். மாசசூசெட்ஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் கேத்தரின் கிளார்க் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். இணையத்தில் பெண்களைத் துரத்துவதற்கு எதிராகச் சட்டம் கேட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டுக்கே, அந்த ஜனவரியில், யாரோ பொய்த் தகவல் கொடுத்து ஆயுதப் போலீஸை வரவழைத்திருந்தார்கள். கடிதத்துக்குப் பிறகு ஜீனியஸ் புகார்ப் பொத்தான் வைத்தது.

நியூஸ் ஜீனியஸின் தரப்பில் சொன்னது: பகிரங்கமாக எழுதினால் பகிரங்கமாக விமர்சனம் வரும், அது பிடிக்கவில்லை என்பதற்காக வன்முறை என்று சொல்லலாமா? கேள்வி நியாயமானதாகத்தான் தெரிகிறது. அந்தப் பதிவை யாரும் எங்கே வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். அதற்குத் தடை கேட்கவில்லை அவர். தன் பத்தியின்மேல், தன் சொற்களுக்கு மஞ்சள் பூசி, தன் பக்கத்தோடு பிரிக்க முடியாதபடி இன்னொருவர் குரல் வருவதைத்தான் சொன்னார். தூரத்தில் நின்று பேசுவதும் காதருகில் வந்து பேசுவதும் ஒன்றாக முடியுமா, பேசுவது அதே சொற்கள் என்றாலும்? ஜேம்ஸ் அரசனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத கருவி அது. கருவிக்கு எப்படித் தெரியும்? முகவரியை ஒட்டினால் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

(அதே வருடம் இன்னொன்றும் வெளிவந்தது. ஜீனியஸ் வழியாகப் பக்கத்தைத் திறக்கும்போது, தீய நிரல்களைத் தடுக்கத் தளங்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு விதியை அது கழற்றிவிட்டே காட்டியது. 1999இன் ஓட்டை, புது இடத்தில்.)

2019இல் கேப் என்ற சமூக ஊடகம் டிஸ்ஸென்டர் என்ற கருவியைக் கொண்டுவந்தது. நான்கு மாதத்துக்கு முன்புதான் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக்கொன்றவன் அதற்குச் சற்று முன் தன் எண்ணத்தை எழுதிவைத்த தளம் கேப். கமெண்ட் பகுதிகளை மூடியவர்களுக்குப் பதிலடியாக, இனி எந்த முகவரியிலும் பேசலாம், யாரும் மூட முடியாது என்றார்கள். இரண்டு மாதத்துக்குள் கூகுளும் மோஸில்லாவும் தங்கள் நீட்சிக் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டன. கேப் தனக்கென்று ஒரு உலாவியே செய்துகொண்டது. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. யாரும் கட்டுப்படுத்த முடியாத இடம் என்று பலகை மாட்டினால் முதலில் வருபவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த வகையில் பிழைத்ததோடு உலகத்தையும் கொஞ்சம் மாற்றிய ஒன்று இருக்கிறது, பெயர் பப்பியர். 2012இல் தொடங்கியது. அச்சான அறிவியல் ஆய்வுக் கட்டுரை எதுவாக இருந்தாலும் அதைப் பற்றிப் பெயர் சொல்லாமலே அங்கே எழுதலாம். தொடங்கியவர்களே மூன்று வருடம் பெயர் சொல்லவில்லை. பிறகுதான் பாரிஸில் வேலைபார்க்கும் நரம்பியலாளர் பிராண்டன் ஸ்டெல் வெளியே வந்தார். அதன் நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொண்டால், ஒரு ஆய்விதழின் சொந்தத் தளத்தில் கட்டுரையைத் திறக்கும்போதே, இதைப் பற்றிப் பப்பியரில் பேச்சு இருக்கிறது என்று பக்கத்தின் தலையிலேயே ஒரு பட்டை சொல்லும். நேச்சர், செல், சயின்ஸ் எதுவானாலும் இதழின் அனுமதி கிடையாது. பதிப்பகத்துக்கு அந்தப் பட்டையை எடுக்க வழி இல்லை.

2014 ஜனவரி கடைசியில் நேச்சர் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. சாதாரண உயிரணுவை அமிலத்தில் சற்று நேரம் வைத்தாலே அது எதுவாகவும் மாறக்கூடிய மூல உயிரணு ஆகிவிடும் என்றது ஜப்பானின் ரைக்கென் நிறுவனக் குழு. உலகமே கொண்டாடியது. சில நாட்களில் பப்பியரில் ஒருவர், ஒரு படத்தின் ஒரு பட்டை வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறதே என்று எழுதினார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஜூலையில் இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றார்கள். ஆகஸ்டில் கட்டுரையாளர்களில் ஒருவரான யோஷிகி சசாய் தற்கொலை செய்துகொண்டார். அதை எந்த ஓரக்குறிப்பின் தலையிலும் கட்ட முடியாது. நிறுவன விசாரணை, பத்திரிகைகளின் துரத்தல் என்று எவ்வளவோ நடந்திருந்தது. ஆனால் சரியான குறிப்புகளைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது அந்தச் சாவைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மார்க் டெஸியே-லவீனின் பழைய கட்டுரைகளிலுள்ள படங்களைப் பற்றி 2015 முதலே பப்பியரில் கேள்விகள் இருந்தன. ஏழு வருடம் அங்கேயே கிடந்தன. 2022 நவம்பரில் முதலாமாண்டு மாணவர் தியோ பேக்கர் அவற்றைப் பின்தொடர்ந்து மாணவர் நாளிதழில் எழுதினார். விசாரணைக் குழு, தலைவர் தாமே மோசடி செய்ததாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரைகளில் திரிக்கப்பட்ட தரவுகள் இருந்ததையும், பிழைகளைத் திருத்த அவர் போதிய முயற்சி எடுக்காததையும் சொன்னது. 2023 ஜூலையில் பதவி விலகுவதாக அறிவித்தார்.

பப்பியர் ஏன் தேர்ட் வாய்ஸின் வழியில் போகவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான். அது எல்லாப் பக்கத்துக்குமானதல்ல. உண்மை என்று முத்திரை குத்தி வெளியிடப்பட்ட, பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடந்த ஆய்வுகளின் மேல் மட்டும் அது உட்காருகிறது. படிக்க வருபவர்களுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படுகிறது. தவறான கட்டுரையை நம்பி இரண்டு வருடம் சோதனை செய்து வீணாய்ப்போகும் ஆராய்ச்சி மாணவருக்கு அதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. பிறகு, அங்கே கடுமையான மட்டுறுத்தல் இருக்கிறது. எவரும் சரிபார்க்கக்கூடிய விஷயங்களைத்தான் எழுதலாம். இந்தப் படமும் அந்தப் படமும் ஒன்றாக இருக்கின்றன என்று சொல்லலாம், இவர் மோசடிக்காரர் என்று சொல்லக் கூடாது. கட்டுரையாளருக்குத் தகவல் போகும், பதில் எழுதலாம். ஆக, கட்டுப்பாடு இல்லாத இடம் அல்ல அது. கட்டுப்பாடு இதழின் கையிலிருந்து வேறு கைக்குப் போயிருக்கிறது. அந்தக் கை வழக்குகளையும் தாங்கியது. டெட்ராய்ட்டில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளர், குறிப்புகளால் தனக்கு வரவிருந்த வேலை போனது என்று, எழுதியவர்களின் அடையாளம் கேட்டு 2014இல் வழக்குப் போட்டார். 2016 டிசம்பரில் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெயர் மறைப்பைக் காத்தது.

இன்னொரு முயற்சி ஹைப்பாதெசிஸ். 2011இல் டான் வேலி லாப நோக்கமில்லாமல் தொடங்கினார். 2017இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி, இப்படிப்பட்ட குறிப்புகளை எப்படி எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு ஒரு தரநிலையே வெளியிட்டது. காலநிலை அறிவியலாளர்கள் பத்திரிகைக் கட்டுரைகளை வரிவரியாகத் திருத்த ஹைப்பாதெசிஸைப் பயன்படுத்தினார்கள். 2017இல் நியூயார்க் இதழ், பூமி வாழத் தகுதியற்றதாகப் போகிறது என்று டேவிட் வாலஸ்-வெல்ஸ் எழுதிய நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அறிவியலாளர்களின் விமர்சனம் எழுந்த சில நாட்களில், வரிக்கு வரி ஆதாரக் குறிப்புகள் சேர்த்த ஒரு பதிப்பை இதழே போட்டது. நல்ல பதில் அது.

ஆனால் இந்த ஹைப்பாதெசிஸ் குறிப்புகளுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை நான் ரசிக்கவும் செய்கிறேன். குறிப்பு எந்தச் சொற்களின் மேல் எழுதப்பட்டதோ அந்தச் சொற்களையும் முன்பின் எழுத்துகளையும் நினைவில் வைத்துத்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. உரிமையாளர் அந்த வரியைத் திருத்திவிட்டால் குறிப்பு இடம் தெரியாமல் நிற்கும். அப்படிப்பட்டவற்றை அநாதைகள் என்று பெயரிட்டுத் தனித் தட்டில் போட்டுவிடுகிறது அந்தக் கருவி. குறிப்பை அழிக்க முடியாத உரிமையாளர் தன் வாக்கியத்தை மாற்றலாம். பெரும்பாலும் குறிப்பு எழுதியவரின் ஆசையும் அதுதானே.

எக்ஸ் தளத்தின் கம்யூனிட்டி நோட்ஸ் இப்போது இவற்றில் மிகப் பரவலானது. 2021இல் பேர்ட்வாட்ச் என்று தொடங்கியது. பதிவுக்குக் கீழே வரும் திருத்தத்தைப் பதிவு எழுதியவரால் நீக்க முடியாது, அந்தத் தளத்தின் முதலாளியே எழுதியிருந்தாலும் குறிப்பு வரும், வந்திருக்கிறது. வழக்கமாக ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் இருவருமே பயனுள்ளது என்று சொன்னால்தான் குறிப்பு வெளியே தெரியும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் பிளவுபட்ட விஷயங்களில் அந்த இருவரும் ஒத்துப்போவதற்குள் பொய் ஊரைச் சுற்றிவந்துவிடும். விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் அந்த ஒரே நிறுவனம்.

நம் ஊரில் இதையெல்லாம் யார் கண்டார்கள் என்று கேட்கலாம். கூகுள் மேப்ஸை மறந்துவிட்டோம். தன் கடைக்கு அதில் ஒரு பக்கம் இருப்பதே தெரியாத டீக்கடைக்காரருக்கு யாரோ ஒரு பக்கம் திறந்து, யாரோ நட்சத்திரம் போடுகிறார்கள். அவரால் அதை அழிக்க முடியாது. விதிமீறல் என்று கூகுளிடம் முறையிடலாம், பதில் எழுதலாம், அவ்வளவே. கோயிலுக்கு நட்சத்திரம், போலீஸ் ஸ்டேஷனுக்கு நட்சத்திரம், மின்மயானத்துக்கு நட்சத்திரம். காசு வாங்கிக்கொண்டு எழுதும் விமர்சனங்கள் பெருகியதால் இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2022இல் ஐஎஸ் 19000 என்ற விதிமுறையை வெளியிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவனை நான் வாழ்த்துகிறேன். அவனுக்கு வேறு இடம் இல்லை. டீக்கடைக்கு அதே ஒற்றை நட்சத்திரம் விழும்போது என் மனம் கடைக்காரர் பக்கம் போகிறது. அந்தப் பக்கங்களில் நான் முதலில் தேடிப் படிப்பது உரிமையாளர் எழுதிய பதில்களை. முக்கால்வாசி, நன்றி, மீண்டும் வருக. சிலர் மட்டும் சண்டைக்கு வருவார்கள்: நீங்கள் வந்தது தீபாவளிக்கு மறுநாள் சார், மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தார், வடை இல்லை என்று சொல்லித்தான் டீ கொடுத்தோம்.